கற்றறிந்த இடையாள்

ஒரு காலத்தில் மாத்திரை அட்டையோடு ஒரு காகிதம் வரும். எறும்பு ஊர்ந்தது போலப் பொடி எழுத்து. பிரித்துப் போட்டால் துண்டு அளவு இருக்கும். அதை முழுதாகப் படித்தவர் என்று யாரையும் கேள்விப்பட்டதில்லை. பஜ்ஜியில் எண்ணெய் ஒற்றக்கூட உதவாத அந்தக் காகிதத்துக்கு, வழக்கு என்று வந்துவிட்டால் மட்டும் உயிர் வந்துவிடும். “டாக்டருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டோமே, அவர்தானே கற்றறிந்த இடையாள், நோயாளிக்கு அவரல்லவா சொல்லியிருக்க வேண்டும்?” என்று கம்பெனி கையைக் கழுவும். “நாளைக்கு நூற்றிருபது பேரைப் பார்க்கிறேன், எதையென்று சொல்ல?” என்று டாக்டரும் கையைக் கழுவுவார். கை கழுவுவதில் டாக்டர்களுக்குப் பயிற்சி அதிகம்.

ஆகவே டாக்டர்கள் சங்கம் போராடிச் சட்டத்தை மாற்றியது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தால் போதாது, மனதில் சேர வேண்டும் என்றது புதுச் சட்டம். யார் மனதில் என்று எழுத வேண்டிய நேரத்தில் மதியச் சாப்பாடு வந்துவிட்டது போலிருக்கிறது. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். மருந்துக் கம்பெனிகளோ சட்டத்துக்குத் தலைவணங்குபவை. மனதில்தானே சேர வேண்டும் என்று மஞ்சள் மாத்திரையைக் கண்டுபிடித்தன.

ஒவ்வொரு மருந்தின் முதல் அட்டையிலும், மூலையில், ஒரே ஒரு மஞ்சள் மாத்திரை இருக்கும். அதில் மருந்து கிடையாது. வாயில் போட்டால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ரத்தத்தில் ஏறி, மூளையில் நினைவு தங்கும் இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு மணி நேரத்தில் அந்த மருந்தின் பக்க விளைவுகள் அத்தனையும், சின்ன வயதில் மனப்பாடம் செய்த வாய்ப்பாடு போல, வரிசையாக நினைவில் நிற்கும். சாகும் வரை மறக்காது. பள்ளிக்கூடப் பாடத்தை இப்படி ஏற்றலாமே என்று யாரோ கேட்டார்களாம். அதில் யாருக்கும் லாபமில்லை என்பதால் அந்த ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

உறையூர் நல்லதம்பிக்குச் சர்க்கரை ஏறியபோது டாக்டர் எழுதிக் கொடுத்தது ‘சமனோ’ என்கிற மாத்திரை. நல்லதம்பி டவுன் பஸ்ஸில் முப்பத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தொண்ணூறு பேர் தொங்கும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காத ஒருவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார். போன மாதம் ஏறியவனைக்கூட, “சில்லறை பாக்கி தரணும்ல உனக்கு?” என்று கூப்பிட்டுக் கேட்பார். மனைவி அபரஞ்சியைக் கண்டுபிடித்ததும் அந்த பஸ்ஸில்தான். “ஒரு உறையூர்” என்று கை நீட்டியவளிடம் ஆறு மாதம் சரியான சில்லறை வாங்கிக்கொண்டு, ஏழாவது மாதம் பெண் கேட்டுப் போனார்.

அபரஞ்சி மாநகராட்சிப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு: குழந்தைகளுக்குப் பரிமாறும் முன் அமைப்பாளர் சாப்பிட்டுப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தாறு வருடமாக அவள் வாயில் படாத ஒரு பருக்கை எந்தக் குழந்தையின் வாய்க்கும் போனதில்லை. பழக்கம் வீட்டிலும் தொற்றிக்கொண்டது. புது ஊறுகாய், புதுக் கஷாயம், கல்யாண வீட்டிலிருந்து வந்த லட்டு, எதுவானாலும் முதலில் அபரஞ்சி நாக்கு. அதற்குப் பிறகுதான் நல்லதம்பிக்கு.

அட்டையைப் பிரித்ததும் மஞ்சள் மாத்திரை கண்ணில் பட்டது. மற்றதெல்லாம் வெள்ளையாக இருக்க, இது மட்டும் என்ன மஞ்சளாக? ஒரு ஓரத்தை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். சீரக மிட்டாய் போல அது முழுதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டாள். கடைக்காரர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

“அட்டைலேருந்து மஞ்சளைப் பிதுக்கினதும் தானா பதிவாயிருச்சும்மா. உங்க வீட்ல மஞ்சள் சேர்ந்துருச்சுன்னு காட்டுது.”

“சேர்ந்தது எனக்குங்க. மருந்து சாப்பிடப் போறது அவரு.”

“ஒரு சீட்டுக்கு ஒரு மஞ்சள்தான். அதனால என்ன, நீங்களே அவருக்குச் சொல்லிருங்க.”

சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அபரஞ்சிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பக்க விளைவுகளும் வந்து சேர்ந்தன. ஒன்று, வாய் உலர்தல், அடிக்கடி. இரண்டு, வயிற்று உப்புசம், அடிக்கடி. அப்படியே போய் இருநூற்றுப் பதினொன்று, காது மடலில் முடி வளர்தல், அரிது. முந்நூற்றுப் பன்னிரண்டு, மரணம், மிக அரிது. எல்லாமே ஒரு ஆண் குரலில், ரயில்வே அறிவிப்பு போன்ற அமைதியில் ஒலித்தன. அவள் ஒவ்வொன்றாகக் கணவருக்கு ஒப்பித்தாள். நாற்பதாவதில் நல்லதம்பி தூங்கிப்போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. முந்நூற்றுப் பன்னிரண்டு ஆபத்து தெரிந்தவனும் ஒன்றுமே தெரியாதவனும் கடைசியில் ஒரே மாதிரிதான் மாத்திரையை விழுங்குகிறார்கள்.

எட்டாவது மாதம், பால்காரரைப் பார்த்து நல்லதம்பி “வாங்க மச்சான், ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?” என்றார். கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று சிரித்துக்கொண்டார். அபரஞ்சிக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே அந்த ஆண் குரல் தானாகச் சொன்னது: நூற்று எண்பத்தேழு, முகங்களை வேறுபடுத்தி அறியும் திறனில் மாற்றம், அரிது.

மறுநாளே அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

“டாக்டர், இது நூத்தி எண்பத்தேழுங்க.”

“என்னம்மா பஸ் நம்பரா?” டாக்டர் சிரித்தார். “மஞ்சள் மாத்திரை வந்ததுலேருந்து எல்லாரும் நம்பர் சொல்றீங்க. அதெல்லாம் சட்டத்துக்காகப் போடறதும்மா. சர்க்கரையைப் பாருங்க, நூத்திப் பதினெட்டு! இவ்வளவு அழகா இருக்கறதைக் கெடுத்துக்காதீங்க. நிறுத்தக் கூடாது.”

நிறுத்தவில்லை. டாக்டர் சொன்னதை மீற அபரஞ்சி என்ன படித்தவளா? அடுத்த மூன்று மாதத்தில் நல்லதம்பிக்கு முகங்கள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. கண், மூக்கு, வாய் தெரியும். யாருடையது என்று தெரியாது. கண்ணாடியில் தெரிகிற ஆளிடம் ஒருநாள் “டிக்கெட் டிக்கெட்” என்று விளையாட்டாகச் சொன்னவர், பிறகு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். மருந்தை நிறுத்தியும் போனது திரும்பவில்லை. அபரஞ்சி அறைக்குள் நுழையும்போதெல்லாம் அவர் எழுந்து நின்று, “யாரும்மா?” என்பார். அவள் “ஒரு உறையூர்” என்பாள். “அட, நீயா!” என்று உட்காருவார். ஒரு நாளைக்கு இருபது தடவை இது நடந்தது.

வழக்கறிஞர் ஜெசிந்தாவுக்கு முப்பது வயதுதான். ஆனால் மருந்து வழக்குத் தீர்ப்பாயத்தில் பதினோரு வழக்கு தோற்ற அனுபவம் இருந்தது. பன்னிரண்டாவதாக இதை எடுத்துக்கொண்டாள்.

“அம்மா, இதுல ரெண்டு படி ஏறணும்,” என்று விரல் விட்டுச் சொன்னாள். “முதல் படி, இந்த மாத்திரையாலதான் இவருக்கு இப்படி ஆச்சுன்னு காட்டணும். நூத்துக்கு நூறு வேணாம். ஆகாததைவிட ஆகியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்னு தெரிஞ்சாப் போதும். நூத்துக்கு அம்பத்தொண்ணு. நம்ம நிபுணர் கணக்கு அறுபத்தி மூணு காட்டுது.”

“பாஸா?”

“முதல் படி பாஸ். ரெண்டாவது படிலதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. எச்சரிக்கை சேர்ந்துச்சா, சேரலையா? மத்த பதினோரு கேஸ்லயும் மஞ்சளை நோயாளியே சாப்பிட்டிருந்தாங்க. ‘தெரிஞ்சுதானே சாப்பிட்டீங்க’ன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. உங்க கேஸ்ல சேரவேண்டிய ஆளுக்குச் சேரவே இல்லை. அதை நிரூபிச்சிட்டா ஜெயிச்சிரலாம்மா. நஷ்ட ஈடு நல்லாவே வரும்.”

“பணம் வந்தா வரட்டும் மேடம்,” என்றாள் அபரஞ்சி. “காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு பதினோரு மாசம் இந்தக் கையாலதான் எடுத்துக் குடுத்தேன். இது நீ பண்ணது இல்லைன்னு படிச்சவங்க யாராவது ஒருத்தர் சொல்லணும். எனக்கு அது போதும்.”

தீர்ப்பாயத்தில் கம்பெனிக்காக வந்தவர் மூத்த வழக்கறிஞர் வெங்கடவரதன். குரலில் நெய் வழியும். அபரஞ்சி கூண்டில் ஏறியதும் அவளுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இந்த உபசாரத்தைப் பார்த்ததுமே ஜெசிந்தா கேஸ் கட்டை மறுபடி புரட்ட ஆரம்பித்தாள்.

“அம்மா, மஞ்சள் மாத்திரை உங்க வாய்க்குள்ளதான் போச்சுன்னு சொல்றீங்க. நான் எப்படி நம்பறது? உங்க கணவரே சாப்பிட்டுட்டு மறந்திருக்கலாம் இல்லையா?”

“அது மறக்காதுங்க.”

“சரி, நானே படிச்சுப் பாக்கறேன்.” கையிலிருந்த பட்டியலைப் பிரித்தார். “ஒன்று, வாய் உலர்தல், அரிது.”

“அரிது இல்லீங்க, அடிக்கடி,” என்றாள் அபரஞ்சி.

“ஓகோ. நாற்பத்தாறு, கணுக்கால் வீக்கம்...”

“நாப்பத்தாறு முழங்கை அரிப்புங்க. கணுக்கால் வீக்கம் நாப்பத்தொன்பது.”

அவர் வேண்டுமென்றே தப்பாகப் படிக்கப் படிக்க, இவள் திருத்திக்கொண்டே போனாள். இருபத்தாறு வருடம் குழந்தைகளுக்கு நடுவில் இருந்தவள். தப்பைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வராது. நூறைத் தாண்டியதும் தலைவர் ஆசனத்தில் இருந்த நீதிபதியே பேனாவை வைத்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார். டவாலி வாயைப் பிளந்து நின்றான். நூற்று எண்பத்தேழு வந்தபோதும் அபரஞ்சிக்கு ஒரு எழுத்து பிசகவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டும் முடிந்ததும் அவள் ஜெசிந்தாவைப் பார்த்தாள். நிரூபித்துவிட்டோம் என்ற பெருமை அந்த முகத்தில் இருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழை வந்த சந்தோஷம் மிச்சம்.

வெங்கடவரதன் பட்டியலை மடித்து வைத்தார். “ரொம்ப நன்றிம்மா. நீங்க சொன்னதை அப்படியே ஒத்துக்கறேன். மஞ்சள் உங்களுக்குத்தான் சேர்ந்திருக்கு. இன்னும் ஒரே ஒரு கேள்வி. வீட்ல மாத்திரையை எடுத்துக் குடுத்தது யாரு?”

“நான்தாங்க.”

“அவரா எடுத்துச் சாப்பிட்டது உண்டா?”

“அவருக்கு டப்பா எங்க இருக்குன்னே தெரியாதுங்க.”

“பள்ளிக்கூடத்துல குழந்தைங்களுக்கு முன்னாடி நீங்க ஏன் சாப்பிட்டுப் பாக்கறீங்க?”

“கெட்டதா இருந்தா அவங்களுக்குப் போகாம தடுக்கத்தான்.”

“அவ்வளவுதாங்க ஐயா,” என்று நீதிபதியைப் பார்த்து வணங்கினார் வெங்கடவரதன். “மருந்துக்கும் நோயாளிக்கும் நடுவுல ஒருத்தர். எல்லா ஆபத்தும் தெரிஞ்சவர். தடுக்கறதையே தொழிலா வெச்சிருக்கறவர். பழைய சட்டத்துல இவருக்கு ஒரு பேர் இருந்தது. கற்றறிந்த இடையாள்.”

ஜெசிந்தா துள்ளி எழுந்தாள். “ஐயா, இவங்க டாக்டர்கிட்டப் போய் நூத்தி எண்பத்தேழுன்னு சொல்லியிருக்காங்க! நிறுத்தக் கூடாதுன்னு அவர்தான் சொன்னாரு!”

“டாக்டருக்கு எச்சரிக்கை போய்ச் சேரலையே,” என்றார் வெங்கடவரதன் வருத்தத்துடன். “அவர் மஞ்சள் சாப்பிடலை. பாவம், அவருக்கு என்ன தெரியும்?”

தீர்ப்பு எட்டுப் பக்கம் இருந்தது. மருந்தால்தான் பாதிப்பு என்று முதல் ஏழு பக்கம் உருக்கமாக ஒப்புக்கொண்டது. எட்டாவது பக்கம் மட்டும் வேறு பேசியது: எச்சரிக்கை மனதில் சேர வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, அது சேர்ந்திருக்கிறது. இல்லத்தில் மருந்தை எடுத்துக் கொடுப்பவர் எச்சரிக்கையை முழுமையாக அறிந்திருந்தால் அவரே கற்றறிந்த இடையாள். தெரிந்தும் தடுக்காத பொறுப்பு அவரையே சாரும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அன்று சாயங்காலம் நல்லதம்பியின் தங்கை செங்கமலம் வந்தாள். கெட்ட மனசுக்காரி இல்லை. டிவியில் செய்தியைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் கேட்டாள்: “அண்ணி, எல்லாம் தெரிஞ்சேவா அண்ணனுக்குக் குடுத்தீங்க?”

எட்டுப் பக்கத்தில் எழுதியிருப்பதற்கு வெறும் வாயால் என்ன பதில் சொல்வது? நல்லதம்பிதான் பேசினார். “பஸ்ல டிக்கெட் எடுக்காதவன் ஒருத்தன் ஜம்முனு உக்காந்திருக்கான். டிக்கெட் எடுத்தவகிட்ட ஃபைன் வாங்கிட்டாங்க. நீ மனசுல வெச்சுக்காத.” சொன்னாரே தவிர, பேசும்போது அவர் பார்த்தது செங்கமலத்தை. அவளை அபரஞ்சி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

சமனோவுக்குப் பதிலாக டாக்டர் எழுதிய வேறு மாத்திரையைக்கூட அதற்குப் பிறகு அபரஞ்சி அவருக்கு எடுத்துக் கொடுக்கவில்லை. கை வரவில்லை. டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கம்பெனிக்குத் தீர்ப்பு தேனாக இனித்தது. இரண்டே வாரத்தில் எல்லா மருந்துகளின் அட்டையையும் மாற்றிவிட்டார்கள். மஞ்சள் மாத்திரைக்கு மேல் இப்போது அச்சடித்திருந்தது: ‘இல்லத்தில் மருந்து கொடுப்பவருக்கு மட்டும்’. பக்கத்தில் புடவை கட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். மருந்து ஆண்களுக்கு, பொறுப்பு பெண்களுக்கு. ஒரு வகையில் பார்த்தால் நாட்டின் பண்பாட்டுக்கு விரோதமாக அவர்கள் எதையும் செய்யவில்லை.

தீர்ப்பின் நகலை வாங்க ஜெசிந்தாவுடன் தீர்ப்பாய அலுவலகத்துக்குப் போனபோது, கிளார்க் ஒரு அட்டையையும் சேர்த்து நீட்டினார். அபரஞ்சி பெயர், போட்டோ, பதிவு எண்.

“இது என்னங்க?”

“இடையாள் பதிவும்மா. தீர்ப்புல உங்களை அப்படி அறிவிச்சுட்டாங்கள்ல? தானா பதிவாயிரும். முன்னாடி டாக்டருங்களுக்கு இருந்தது. அவங்க வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப தமிழ்நாட்டுலயே நீங்க ஒருத்தர்தான்.”

“இதை வெச்சு என்ன பண்றது?”

“ஒண்ணும் பண்ண முடியாது. ஒன்பதாம் படிவம் வேணா போடலாம்.”

ஜெசிந்தா நிமிர்ந்தாள். “எந்தப் படிவம் சார்?”

கிளார்க் அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு, தூசி தட்டி ஒரு காகிதக் கட்டு எடுத்தார். “புதுசா ஒரு பக்க விளைவைப் பார்த்தா இடையாள் எழுதிக் குடுக்கற படிவம். அவர் எழுதினதை ஒரு எழுத்து மாத்தாம தொண்ணூறு நாள்ல மஞ்சள் மாத்திரைல சேர்த்துரணும். கம்பெனிங்க கேட்டு வாங்கின விதிதான் இது. எச்சரிக்கை கூடக் கூட அவங்களுக்குத்தானே பாதுகாப்பு? பக்க விளைவு மருந்தால வந்ததா இருந்தா அந்த மருந்துல. மாத்திரை குடுக்கற முறையால வந்ததா இருந்தா கம்பெனியோட எல்லா மருந்துலயும் ஏத்தணும்.”

ஜெசிந்தா எதையோ விளக்க ஆரம்பித்தாள். அபரஞ்சி காத்திருக்கவில்லை. சத்துணவுப் பதிவேட்டில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில், பேசுகிறபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கிளார்க் வாங்கிப் படித்தார்.

“அம்மா, இது வியாதி இல்லையே.”

“தீர்ப்பு எட்டாம் பக்கத்துல போட்டிருக்குங்க. படிச்சுப் பாருங்க.”

அவர் படித்துப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். முத்திரையைக் குத்தினார். கம்பெனியில் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எச்சரிக்கைகளைப் படிப்பது எந்தக் காலத்திலும் அவர்கள் வழக்கமில்லை.

தொண்ணூறு நாள் கழித்து ஊரில் ஒரு விநோதம் நடந்தது. மருந்துகள் விற்காமல் தேங்கின. விசாரித்துப் பார்த்ததில், அட்டையில் சிரிக்கும் பெண்ணை நம்பி மஞ்சளை விழுங்கிய மனைவிமார்கள், நாலு மணி நேரம் கழித்து எழுந்து மருந்து டப்பாவைக் கொண்டுவந்து கணவர் மடியில் வைத்துவிட்டு, “நீங்களே பாத்துப் போட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டார்களாம். எது காலை மாத்திரை, எது ராத்திரி மாத்திரை என்று தெரியாத ஆண்கள் முதல் தடவையாக டாக்டரிடம் போய் வரிசையாகக் கேள்வி கேட்டார்கள். டாக்டர்கள் மிரண்டு போனார்கள். வெங்கடவரதன் ஒரு வழக்கின் நடுவே வாய்தா கேட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார் என்றும், ரத்தக்கொதிப்பு மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை என்றும் ஜெசிந்தா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நல்லதம்பிக்கும் புது மருந்து வந்தது. அதே கம்பெனி. வேறு கம்பெனி மருந்து வாங்க வேண்டுமானால் வேறு கம்பெனி என்று ஒன்று இருக்க வேண்டுமே. எல்லாவற்றையும் அது எப்போதோ வாங்கிவிட்டிருந்தது. அபரஞ்சி வழக்கம்போல அட்டையை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். மஞ்சளைத் தொடவில்லை. இருபத்தாறு வருடத்தில் அவள் ருசி பார்க்காமல் வைத்த முதல் பண்டம் அதுதான்.

நல்லதம்பி அட்டையைத் தடவிப் பார்த்தார். மூலையில் இருந்த மஞ்சளைப் பிதுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

“என்னங்க! அது எனக்குன்னு போட்டிருக்கு!”

“எனக்குத்தான் முகமே தெரியாதே. அட்டைல சிரிக்கறது யாருன்னு நான் என்னத்தைக் கண்டேன்?”

நாலு மணி நேரம் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, உதடு மட்டும் அசைய உட்கார்ந்திருந்தார். அபரஞ்சி துணி மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள். ஐந்தரை மணி வாக்கில் அவர் சட்டென்று கண்ணைத் திறந்தார்.

“இருநூத்தி நாப்பது வரைக்கும் எவனோ ஒருத்தன் ரயில் வர்ற மாதிரி பேசிட்டே வந்தான்,” என்றார். “கடைசி ஸ்டாப்புல ஒரு ஆள் ஏறினாங்க.”

“என்ன சொன்னாங்க?”

நல்லதம்பி மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே கேட்டதை அப்படியே சொன்னார்:

“‘மாத்திரையை எடுத்துக் குடுக்கறவங்க மேல பழி வரும். அரிது இல்லீங்க, அடிக்கடி.’”

அபரஞ்சி கையிலிருந்த வேட்டியைக் கீழே வைத்தாள். இந்தத் தடவை அவள் “ஒரு உறையூர்” என்று சொல்லவில்லை. ஆனாலும் அவர் அவள் இருந்த பக்கம் நேராகத் திரும்பினார்.

“படிச்சது அவன்தான். ஆனா பேச்சு உன் பேச்சு,” என்றார். “யாருன்னு கேக்கவே வேண்டியதில்லை. வா, இங்க வந்து உக்காரு.”

அவள் போய் உட்கார்ந்தாள். அவர் கையை நீட்டினார். வெகு நாளைக்குப் பிறகு அபரஞ்சி ஒரு வெள்ளை மாத்திரையைப் பிரித்து அந்தக் கையில் வைத்தாள்.